ஏவாரி எடுத்த தோடு

அத்தியாயம் 4

கட்டிலுக்கு அடியில் தலையை விட்டிருந்த பூவரசன், வெளியே வராமலே அறிக்கை வாசித்தான். பாதி பிஸ்கட் ஒன்று, ஒற்றைச் செருப்பு ஒன்று, காய்ந்துபோன வெற்றிலைக் காம்பு கொஞ்சம். தோடு இல்லை.

“பிஸ்கட்டக் கடிச்சது யாருன்னு வேணா கண்டுபிடிச்சிரலாம்க்கா. பல்லு இருக்கிற ஆளு. இந்த இல்லத்துல அப்படி ஆளுங்க கம்மி.”

“வெளிய வா,” என்றார் சுகுணா.

வந்தான். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டான். துப்பறியும் வேலை என்றால் துரத்தல், துப்பாக்கி என்று நினைத்துத்தான், பாலக்கோட்டில் தக்காளி லோடு ஓட்டிக்கொண்டிருந்தவன் இதில் வந்து சேர்ந்தான். சேர்ந்த நாளிலிருந்து கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும்தான் பொழுது போகிறது. விசிட்டிங் கார்டில் மட்டும் ‘உதவி துப்பறிவாளர்’ என்று தானாகவே போட்டுக்கொண்டிருக்கிறான்.

சுகுணாவுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் அலுவலகம் வைத்திருக்கிறார். அதற்கு முன்பு மாட்டு இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் விசாரணைப் பிரிவில் இருந்தார். செத்ததாகச் சொல்லப்பட்ட மாடு நிஜமாகவே செத்ததா, செத்தது அதே மாடுதானா என்று காதில் குத்தியிருக்கும் வில்லையைப் பார்த்துச் சொல்கிற உத்தியோகம். செத்தும் சாகாத மாடுகள் மாவட்டத்தில் நிறைய இருந்தபடியால் அவருக்கு நல்ல பெயரும் கிடைத்தது, வேண்டாதவர்களும் சேர்ந்தார்கள்.

இப்போது வந்திருக்கும் இடம், பாப்பாரப்பட்டியிலிருந்து பாலக்கோடு போகிற சாலையில் இருக்கும் மாந்தோப்பு முதியோர் இல்லம். கூப்பிட்டவர் அதன் மேலாளர் யுவராணி. விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

இங்கே யார் புதிதாக வந்தாலும் முதல் நாளே உட்கார வைத்து மதிப்பீடு செய்வார்கள். நடக்கிறாரா, தன் கையால் சாப்பிடுகிறாரா, குளிக்க ஆள் வேண்டுமா, ஞாபகம் எப்படி. நர்ஸ் பிரியதர்ஷினி கேட்பாள், மார்க் போடுவாள். அந்த மார்க்கை வைத்துத்தான் கவனிப்புத் திட்டம். அதை வைத்துத்தான் அறையும். தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களுக்கு முன்கட்டு. புத்தி தடுமாறியவர்களுக்குப் பின்கட்டு, அங்கே கதவுக்குப் பூட்டு உண்டு. புருஷன் பெண்டாட்டியாக வருகிறவர்கள் இரண்டு பேருமே முன்கட்டுக்குத் தேறினால் ஒரே அறை கிடைக்கும்.

நஞ்சப்பனையும் கோவிந்தம்மாளையும் மாரண்டஹள்ளிப் பக்கத்து ஊரிலிருந்து மகன் கூட்டிக்கொண்டு வந்தான். தொழில் என்ன என்று கேட்டதற்கு, இந்த மாவட்டத்தில் எல்லோரும் சொல்வதைப் போல விவசாயம் என்றான். விட்டுவிட்டு ஓசூர் பஸ் ஏறிவிட்டான். இப்போது போன் செய்தால், நீங்க பாத்துச் செய்யுங்க என்று ஒரே பாட்டு.

மதிப்பீட்டில் கோவிந்தம்மாள் முழு மார்க். தேதி முதற்கொண்டு சொன்னார். அது சரிதானா என்று பிரியதர்ஷினிதான் போனை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. நஞ்சப்பன் முட்டை. பக்கவாதத்தில் பேச்சுப் போனவர், கேட்ட ஒரு கேள்விக்கும் முகத்தில் அசைவில்லை. எழுதப் படிக்கவும் தெரியாது. ஆக மனைவி முன்கட்டு, புருஷன் பின்கட்டு. மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நஞ்சப்பன் நர்சுகளின் கையைப் பிடித்து, மேலே தன் துண்டைப் போட்டு மூடி, விரல்களை அழுத்துகிறார் என்று புகார் வந்தது. ஒருத்தி அழுதேவிட்டாள். அது ஓய்வதற்குள் கோவிந்தம்மாளின் தோடு காணாமல் போனது. யார் எடுத்திருப்பார்கள் என்று கேட்டதற்கு அந்த அம்மாள் யோசிக்கக்கூட இல்லை.

“ஏவாரிதான். வேற யாரு.”

புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லாத தலைமுறை. வந்த நாளாக நஞ்சப்பனை ஏவாரி என்றுதான் குறிப்பிடுகிறார். ஏதோ காய்கறி வியாபாரம் பார்த்திருப்பார் போல என்று இல்லத்தில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

சாயந்திரம் நஞ்சப்பனைக் கூட்டிப்போகச் சேலத்திலிருந்து வேன் வருகிறது. முரண்டு பிடிக்கிற வயசாளிகளை வைத்துக்கொள்ளும் இடம் ஒன்று அங்கே இருக்கிறது. ஆண்கள் மட்டும். அங்கே போய்விட்டால் மதியச் சாப்பாட்டுக்கும் சேர்ந்து உட்கார முடியாது, அவ்வளவுதான்.

“திருட்டுப் பழியோட ஒரு பெரியவர அனுப்புனா எனக்குச் சோறு எறங்காதுங்க,” என்றார் யுவராணி. “எடுத்தாருன்னா எடுத்தாருன்னு சொல்லிருங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. வேன் வர்றதுக்குள்ள சொல்லுங்க.”

கோவிந்தம்மாள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். தலை வாரிப் பூ வைத்து, புடவைக் கொசுவம் கலையாமல், கல்யாண வீட்டில் வரவேற்பில் நிற்கிறவரைப் போல இருந்தார். வாங்க, உக்காருங்க, மோர் சாப்புடறீங்களா என்று உபசரித்தார். மழை பெய்ததா என்று கேட்டார். பூவரசனைப் பார்த்து, உங்காத்தா சௌக்கியமா, முட்டிவலி தேவலையா என்று விசாரித்தார். தேவலைங்க ஆயா என்றான் பூவரசன். அவனுக்குக் குளிர்ந்துவிட்டது. தோட்டைப் பற்றிக் கேட்டபோது அந்த அம்மாள் கையை விரித்தார். ஏவாரியைக் கேளுங்கள் என்றார்.

வெளியே வந்ததும் பூவரசன் தீர்ப்பு சொன்னான். “புத்தி பளிச்சுனு இருக்குக்கா. எங்கம்மா முட்டிவலி வரைக்கும் தெரியுது.”

“உங்கம்மாவ அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

பூவரசன் அந்த அம்மாளின் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தான்.

“அது போவட்டும். காதப் பாத்தியா?”

மாட்டுக் காதைப் பார்த்துப் பழகிய கண். மனுஷரைப் பார்த்தாலும் முதலில் அங்கேதான் போகும். பூவரசன் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டான். காது ஓட்டை இரண்டிலும் ஈர்க்குச்சி சொருகியிருக்கிறது என்றார் சுகுணா. தோட்டைக் கழற்றினால் ஓட்டை தூர்ந்துவிடக்கூடாது என்று துடைப்பத்தில் ஒரு குச்சி கிள்ளிச் சொருகிக்கொள்வது ஊரில் எல்லாப் பெண்களும் செய்கிற காரியம். அதில் என்ன அதிசயம் என்று பூவரசனுக்குப் புரியவில்லை.

பிரியதர்ஷினியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தோடு காணோம் என்று முதலில் கவனித்ததே அவள்தான். காலையில் தலை வாரிவிடும்போது பார்த்தாளாம். தோடு எங்கே ஆயா என்று அவள் கேட்ட பிறகுதான் கோவிந்தம்மாள் காதைத் தொட்டுப் பார்த்தார். அப்போதே ஈர்க்குச்சி இருந்ததா என்றார் சுகுணா. இருந்தது என்றாள்.

“ஆக, தோட்டக் கழட்டினவன் நின்னு நிதானமா குச்சி கிள்ளிச் சொருகிட்டுப் போயிருக்கான்.”

“பொறுப்பான திருடன்க்கா,” என்றான் பூவரசன்.

“இல்லன்னா அந்த அம்மாவே கழட்டியிருக்கணும். கழட்டினது ஞாபகம் இல்ல.”

முழு மார்க் வாங்கினவர் சொந்தக் காதை மறந்துவிட்டாரா என்று பூவரசன் கேட்டான். சுகுணா பின்கட்டுப் பக்கம் நடந்தார். அவர் நடந்தால் பின்னால் நடப்பதுதான் உதவி துப்பறிவாளரின் முக்கியப் பணி. நடந்தான்.

பின்கட்டுக் கதவை உதவியாள் செல்லி திறந்துவிட்டாள். போகும்போதே எச்சரித்தாள். அவளும் பாதிக்கப்பட்டவள்தான்.

“நல்லதுக்குத்தான் கேட்டேன். தாத்தா, எத்தன இட்லி சாப்ட்டீங்கன்னு. படக்குனு கையப் புடிச்சிட்டாருங்க.”

நஞ்சப்பன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஓங்குதாங்கான ஆள். தோளில் பச்சைக் கரை போட்ட பெரிய துண்டு. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் கண் இரண்டும் ஆளை எடைபோட்டன. பூவரசன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, உங்களுக்கு எத்தனை பசங்க தாத்தா என்று கேட்டுவைத்தான். அடுத்த நொடி அவன் வலது கை துண்டுக்குள் போய்விட்டது.

“அக்கா, புடிச்சிட்டாரு. நான் நர்ஸ் இல்லன்னு சொல்லுங்க.”

“அசையாத. என்ன பண்றாரு?”

“ரெண்டு வெரலப் புடிக்கிறாரு. அழுத்தறாரு. இப்ப வுட்டுட்டாரு.”

சுகுணா செல்லியிடம் திரும்பி, இவர்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒரு பையன், ஒரு பொண்ணு என்றாள் செல்லி. பெண்ணைப் பெங்களூரில் கட்டிக் கொடுத்திருக்கிறதாம். அன்றைக்கு இட்லிக்கு எத்தனை விரல் என்று அடுத்த கேள்வி. செல்லி உதட்டைப் பிதுக்கினாள். பயத்தில் விரலை யார் எண்ணினார்கள்.

சுகுணாவின் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. பூவரசனை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவர் போய் உட்கார்ந்தார். கையைத் தானாகவே நீட்டினார். இன்றைக்குத் தேதி என்ன ஐயா என்று மெதுவாகக் கேட்டார். துண்டுக்குள் இரண்டு விரல், ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு விரல். இருபத்திரண்டு. சரிதான். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டார். அதுவும் சரி.

“மாட்டுத் தரகரு,” என்றார் சுகுணா. “ஏவாரின்னா மாட்டு ஏவாரி.”

பூவரசன் நெற்றியில் அடித்துக்கொண்டான். அவன் அப்பா சந்தைக்குக் கூட்டிப்போனபோது எத்தனை தடவை பார்த்திருக்கிறான். நாலு பேர் காதுபட மாட்டுக்கு விலை சொல்ல மாட்டார்கள். துண்டைப் போட்டுக் கைகளை மூடிக்கொள்வார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, முழுக்கையையும் பிடித்தால் ஐந்து. விலை பிடிக்கவில்லை என்றால் கையை உதறிவிடுவார்கள். பேச்சு முழுக்க விரலில் முடிந்துவிடும். இந்த மனுஷனுக்கு வாய் போன பிறகு, கேட்டவர்களுக்கெல்லாம் தனக்குத் தெரிந்த முறையில் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். இத்தனை நாளும் இல்லம் அதை வேறு கணக்கில் எழுதியிருக்கிறது.

“ஐயா, ஆயாவோட தோட்ட நீங்க எடுத்தீங்களா?” என்று கடைசியாகக் கேட்டார் சுகுணா.

உதறிவிடுவார் என்று பூவரசன் எதிர்பார்த்தான். நஞ்சப்பன் உதறவில்லை. கையை மெள்ள விடுவித்துக்கொண்டு, துண்டின் முனையைப் பிடித்து அவனை நோக்கி நீட்டினார். முனையில் இறுக்கமாக ஒரு முடிச்சு. பூவரசன் வாங்கிப் பார்த்தான். உள்ளே ஏதோ குத்தியது. அவிழ்த்தான்.

இரண்டு கல்தோடுகள் அவன் உள்ளங்கையில் விழுந்தன. நேரம் பார்த்து அப்போதுதான் யுவராணி கதவோரம் வந்து நின்றார்.

நஞ்சப்பன் அவசர அவசரமாக என்னவோ சொல்லப் பார்த்தார். தன் காது மடலைப் பிடித்தார், விரலால் எதையோ உள்ளே தள்ளுவதுபோலச் செய்தார், முன்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. யுவராணியின் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்குக் கோபம் வந்த மாதிரியும் தெரியவில்லை, நம்பினவர் கைவிட்ட வருத்தம்தான் தெரிந்தது.

“போதுங்க. வேன மத்தியானமே வரச்சொல்லிடறேன்,” என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு நடந்தார்.

பூவரசனுக்குத் தன் ஜோக் இப்போது கசந்தது. பொறுப்பான திருடன் என்று அவன்தான் சொன்னான். சுகுணாவைப் பார்த்தான். கேஸ் முடிந்ததா என்று கேட்கப் பயமாக இருந்தது. அவர் பிரியதர்ஷினியைத் தேடிப் போய்க்கொண்டிருந்தார்.

“அன்னைக்கு இவங்கள எப்படி உக்கார வெச்சிக் கேட்ட? அப்படியே செஞ்சு காட்டு.”

பிரியதர்ஷினி அலுவலகத்தில் இருந்த பெஞ்சைக் காட்டினாள். இங்கே ஆயா, ஒட்டினாற்போல ஐயா. எதிரே நாற்காலியில் அவள். இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். புது இடம், பயம், அப்படித்தான் இருப்பார்கள் என்று அவள் பிரிக்கவில்லை. கோத்த கைகளின் மேல் ஐயா துண்டை விரித்துப் போட்டுக்கொண்டார். பெரியவர்களுக்கு வெட்கம் என்று அவள் நினைத்தாள். பார்க்க அழகாகக்கூட இருந்தது என்றாள்.

பூவரசன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டான்.

கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார் சுகுணா. தேதி, வயசு, பிள்ளைகள் எத்தனை, பேரப்பிள்ளைகள் எத்தனை, இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. எல்லாமே எண்கள். எண் இல்லாத கேள்வி ஒன்றுகூடக் கேட்கவில்லையா என்றார். கேட்டேன் என்றாள் பிரியதர்ஷினி. இது எந்த இடம் என்று கேட்டதற்கு, நம்ம எடந்தான் கண்ணு என்று பதில் வந்தது. வந்த உடனே இப்படி மனம் ஒட்டிவிட்டதே என்று சந்தோஷப்பட்டு மார்க் போட்டாள்.

“வூட்டுக்காரர் பேரு?”

“கேட்டேன் மேடம். சிரிச்சிட்டுத் தலையக் குனிஞ்சிக்கிட்டாங்க. எங்க பாட்டியும் அப்படித்தான், சாகற வரைக்கும் எங்க தாத்தா பேர வாயால சொன்னதில்ல. அதான் சரின்னு போட்டுட்டேன்.”

வேறு மாவட்டத்து நர்ஸாக இருந்தால், அல்லது வேறு தேசத்து டாக்டராக இருந்தால், பதில் இல்லை என்று எழுதியிருப்பார்கள். பிரியதர்ஷினி இந்த மண்ணில் பிறந்தவள், மரியாதை தெரிந்தவள். அதனால் தவறவிட்டாள். பாவம், அவளைக் குறை சொல்லவும் பூவரசனுக்கு வாய் வரவில்லை.

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. சாப்பாடு போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை அதே கேள்விகளைக் கேட்க விடுங்கள் என்று சுகுணா யுவராணியிடம் கேட்டுக்கொண்டார். வேன் தர்மபுரி தாண்டிவிட்டது என்று யுவராணி சொன்னார். சொல்லிவிட்டு, சரி என்றார்.

முதலில் கோவிந்தம்மாளைத் தனியாக உட்கார வைத்தார்கள். பிரியதர்ஷினி தேதி கேட்டாள். அதுக்குத்தான் காலண்டர் இருக்குதே என்று சிரித்தார் கோவிந்தம்மாள். பிள்ளைகள் எத்தனை என்றாள். எல்லாரும் மகராசியா இருக்காங்க. எத்தனை பேர் ஆயா. எல்லாரும்தான் கண்ணு. வயசு கேட்டதற்கு, வயசென்ன வயசு, ஒடம்பு நல்லா இருந்தா போதாதா என்றார். அத்தனையும் வாயாரச் சிரித்துக்கொண்டு, கேட்டவர்களையும் சிரிக்க வைத்துக்கொண்டு. ஒரு கேள்விக்கும் விடை இல்லை என்பது, சிரித்து முடித்த பிறகுதான் கூடத்துக்கு உறைத்தது.

நஞ்சப்பனைப் பின்கட்டிலிருந்து கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அந்த அம்மாளின் கை தானாகப் போய் அவர் கைக்குள் புகுந்துகொண்டது. துண்டு விழுந்தது. பிரியதர்ஷினி மறுபடி கேட்டாள். இந்தத் தடவை துண்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“தேதி இருவத்திரெண்டு,” என்றார் கோவிந்தம்மாள். “பிள்ளைங்க ரெண்டு.”

மாட்டு ஏவாரியின் வீட்டில் காலமெல்லாம் குடித்தனம் செய்த கை. மனசு விட்டதை விரல் விடவில்லை. அவர் அழுத்துகிறார், இவர் சொல்கிறார். அவரிடம் இருப்பது ஞாபகம், இவரிடம் இருப்பது வாய். இருவரும் தேறினால் ஒரே அறை என்று கேள்விப்பட்டு, மனைவியைத் தேற வைக்க ஏவாரி அன்றைக்குப் பாடுபட்டிருக்கிறார். தேற்றியும் விட்டார். தனக்கும் தனியாக மார்க் போடுவார்கள் என்பதை மட்டும் அவர் நினைத்துப் பார்க்கவில்லை.

சுகுணா முன்னால் வந்து தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். ஆயா, பக்கத்துல இருக்கறது யாருங்க என்று கேட்டார்.

“ஏவாரி.”

“உங்க வூட்டுக்காரரு தானுங்களே?”

கோவிந்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஐய, என்னம்மா இப்படிக் கேக்கற. எங்கூட்டுக்காரரு சந்தைக்குப் போயிருக்காரு. பொழுதோட வந்துருவாரு. இவரு ஏவாரி. நல்ல கறவ மாடு ஒண்ணு புடிச்சித் தர்றேன்னாரு. கையில வேற ஒண்ணும் இல்லையே, அச்சாரமா தோட்டக் கழட்டிக் குடுத்தேன். காது தூந்துரும்னு இவரே ஈர்க்கு கிள்ளிச் சொருகிவுட்டாரு. நல்ல மனுசன்.”

இந்த ஞாபகமும் விரல் பட்டதில் வந்ததா, தானாக வந்ததா என்று யாருக்கும் தெரியாது. நஞ்சப்பன் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது புதிய செய்தி இல்லை. மற்றவர்கள் கேட்க இன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொல்லப்பட்டது. பூவரசனுக்கு அழுகை வந்தது, அதை மறைக்க அவன் சிரமப்படவும் இல்லை.

வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

யுவராணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மேலாளர். மனம் இளகினாலும் அறை ஒதுக்க வேண்டியவர் அவர்தான். வேன் வெறுமனே திரும்பிப் போகட்டும் என்றார். ஐயாவை முன்கட்டுக்கு மாற்றிவிடலாம். அதைச் சொன்ன வேகத்திலேயே அவருக்கு மீதியும் புரிந்துவிட்டது. ஆயா முன்கட்டில் இருக்க முடியாது. கதவுக்குப் பூட்டு இல்லாத இடம், எதிரே பஸ் போகிற சாலை. அந்த அம்மாள் எழுந்து போனால் ஐயாவால் கூப்பாடு போடக்கூட முடியாது. ஆயாவைப் பின்கட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும்.

“மறுபடியும் பிரிக்கத்தான் போறோம் மேடம்,” என்றார் சுகுணாவிடம். “பக்கம்தான் மாறுது. நான் என்ன பண்ணட்டும்?”

“என்ன ஏன் கேக்கறீங்க. வந்த நாளா அவர்கிட்ட யாராவது கேட்டீங்களா?”

யாரும் கேட்கவில்லை. இட்லிக் கணக்கு கேட்டார்கள், தேதி கேட்டார்கள். எங்கே இருக்க விருப்பம் என்று கேட்கவில்லை. யுவராணி ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு நஞ்சப்பனுக்கு எதிரே உட்கார்ந்தார். கொஞ்சம் தயங்கி, வலது கையை நீட்டினார். நஞ்சப்பன் மனைவியின் கையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, யுவராணியின் கை மேல் துண்டைப் போட்டார்.

“ஐயா, ரெண்டு ரூமு. ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால. எப்ப வேணாலும் நீங்க போயி அவங்களப் பாக்கலாம். நானே தெறந்துவுடச் சொல்றேன்.”

துண்டு சடாரென்று அசைந்தது. உதறிவிட்டார். உதறிய கையை மறுபடி பிடித்துக்கொண்டார்.

“ஒத்த வெரலப் புடிக்கிறாரு. ஒண்ணுங்கறாரு,” என்றார் யுவராணி, மற்றவர்களிடம். பிறகு அவரிடம் திரும்பி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார். “ஒரே ரூமுன்னா பின்கட்டுல மட்டும்தான் தர முடியும். ராத்திரியில பூட்டிருவோம். உங்களுக்கும் சேத்துத்தான் பூட்டு. வாசப்பக்கம் வர முடியாது. புத்தி நல்லா இருக்கற ஆளு நீங்க. நல்லா யோசிச்சிச் சொல்லுங்க.”

வாசலில் மறுபடி ஹாரன். யாரும் திரும்பவில்லை. துண்டு அசையவில்லை. அதற்குள் என்ன நடக்கிறது என்பது யுவராணியின் முகத்தில்தான் தெரிந்தது. பிடித்த ஒற்றை விரலை நஞ்சப்பன் விடவே இல்லை.

கோவிந்தம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. பசி நேரம் வேறு. பேரம் இழுத்துக்கொண்டே போவது அவருக்குப் பிடிக்கவில்லை. முன்னால் சாய்ந்து, யுவராணியின் முழங்காலில் தட்டினார்.

“நாணயமான ஏவாரிம்மா. எனக்குத் தெரியும். யோசிக்காத, ஒத்துக்க.”

யுவராணி ஒத்துக்கொண்டார்.